புது விதி வருஷத்தில் எஃப்1 டெஸ்டிங் பார்ப்பது எப்படி: லேப் டைமைக் கடைசியில் பாருங்கள்

பிப்ரவரி பிறந்தால் எஃப்1 குரூப்களில் ஒரே கேள்விதான்: இந்த வருஷம் யார் ஃபாஸ்ட்? சீசனுக்கு முன் கார்களை ஓட்டிப் பார்க்கும் டெஸ்டின் முதல் நாள் இரவு டைமிங் பட்டியல் வரும், பத்து மணிக்குள் ஒருவர் சாம்பியன் பட்டத்தை யாருக்கோ கொடுத்திருப்பார், பதினொரு மணிக்கு இன்னொருவர் ஏதோ ஒரு டீமுக்கு மூடுவிழா நடத்தியிருப்பார். விதிகள் பெரிதாக மாறாத வருஷத்திலேயே இந்தப் பட்டியல் கவிழ்த்துவிடும். 2019 பார்சிலோனா டெஸ்டில் வெட்டல் ஃபெராரியில் 1 நிமிடம் 16.221 விநாடி, ஹாமில்டன் மெர்சிடீஸில் 16.224. வித்தியாசம் மூன்று மில்லி விநாடி, ஃபெராரிதான் முதல். இந்த முறை ஃபெராரி என்று ஊரே பேசியது. அப்புறம் சீசனின் முதல் ஐந்து ரேஸிலும் முதல் இரண்டு இடம் மெர்சிடீஸுக்குத்தான் போனது.

2009, 2014, 2022, 2026 மாதிரி கார் அடியோடு மாறும் வருஷங்களில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் டீம்களுக்கே தங்கள் கார் எங்கே நிற்கிறது என்று சரியாகத் தெரியாது. அப்படியென்றால் டெஸ்டைப் பார்ப்பதே வீணா என்றால், இல்லை. பார்க்க நிறைய இருக்கிறது, பார்க்கும் வரிசையைத்தான் மாற்ற வேண்டும். நான் முதலில் தேடுவது ஒவ்வொரு டீமும் எதை விட்டுக்கொடுத்திருக்கிறது என்பதை. ரேஸ் காரில் எதுவும் இலவசமாக வராது. வேகம் வேண்டுமென்றால் குளிர்ச்சியை, எடை குறைய வேண்டுமென்றால் உறுதியை, அடுத்த வருஷம் வேண்டுமென்றால் இந்த வருஷத்தை எங்கேயாவது கொடுத்தாக வேண்டும். கொடுத்த இடம் தெரிந்துவிட்டால் கார் எந்த டிராக்கில் திணறும் என்பது வரை ஓரளவு சொல்லிவிடலாம்.

டெஸ்டுக்கு ஒரு வருஷம் முன்பே ஆரம்பியுங்கள்

முதல் வேலை, பழைய சீசனில் யார் எப்போது கையைக் கழுவினார்கள் என்று குறித்து வைப்பது. கார் மாடல் மேல் காற்றை ஊதிச் சோதிக்கும் விண்ட் டனல் நேரத்துக்கும் கணினி சிமுலேஷனுக்கும் அளவு உண்டு. டேபிளில் முதலிடத்தில் இருக்கும் டீமுக்கு அடிப்படை அளவில் 70 சதவீதம்தான், ஒவ்வொரு இடம் இறங்க இறங்க 5 சதவீதம் கூடி பத்தாவது டீமுக்கு 115. அதோடு பட்ஜெட் உச்சவரம்பும் இருக்கிறது. ஆக, இந்த வருஷக் காரில் போட்ட ஒவ்வொரு மணி நேரமும் அடுத்த வருஷக் காரிடமிருந்து பிடுங்கியது.

2026 காருக்கான காற்றியல் வேலையை 2025 ஜனவரி 1-க்கு முன் யாரும் தொடக்கூடாது என்று எஃப்1 விதிகளை வகுக்கும் எஃப்ஐஏ தடை போட்டிருந்தது. அன்று எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து கிளம்பினார்கள் என்றாலும் கையிலிருந்த நேரம் ஒன்றல்ல. 2024 சாம்பியனான மெக்லாரனுக்கு 70 சதவீதம், கடைசி இடத்திலிருந்து ஆடியாக மாறவிருந்த சாபருக்கு 115. ஃபெராரி 2025 காரின் காற்றியல் வேலையை ஏப்ரல் கடைசியிலேயே நிறுத்திவிட்டது, பின்னால் டீம் தலைவர் வாசர் அதை வெளிப்படையாகவே சொன்னார். ரெட் புல் நேரெதிர். வருஷக் கடைசி வரை பழைய காரையே திருத்திக்கொண்டிருந்து, வெர்ஸ்டாப்பன் நோரிஸிடம் இரண்டே பாயிண்டில் பட்டத்தை விட்டார். இரண்டில் எது சரி என்று டெஸ்டுக்கு முன்னால் தீர்ப்பு சொல்லாதீர்கள், குறித்து மட்டும் வையுங்கள்.

சீக்கிரம் மாறியவர்கள்தான் ஜெயிப்பார்கள் என்று ஒரு சூத்திரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஆதாரமாக எப்போதும் பிரான் ஜிபியைக் காட்டுவார்கள். ஹோண்டா 2008 காரைக் கைவிட்டு 2009-ல் எல்லாவற்றையும் போட்டது, டிசம்பரில் ஹோண்டாவே விலகியது, ராஸ் பிரான் டீமை எடுத்து மெர்சிடீஸ் இன்ஜினைப் பொருத்த சேசிஸின் (காரின் அடிப்படைச் சட்டகம்) பின்பகுதியை வெட்டி ஒட்டி மார்ச் மாதம் டெஸ்டுக்குக் கொண்டுவந்தார், பட்டன் முதல் ஏழு ரேஸில் ஆறை ஜெயித்தார். எல்லாம் உண்மைதான். ஆனால் அதே 2008-ல் அதே முடிவை எடுத்த இன்னொரு டீமை யாரும் நினைவு வைத்திருப்பதில்லை. பிஎம்டபிள்யூ சாபர். அந்த ஜூனில் குபிட்சா கனடாவில் ஜெயித்து சாம்பியன்ஷிப்பிலேயே முதலிடத்தில் இருந்தார், அப்போதே டீமின் கவனம் 2009-க்குத் திரும்பியது, குபிட்சா வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டார். 2009-ல் வந்த கார் ஆறாவது இடத்தில் 36 பாயிண்டோடு முடிந்தது, வருஷக் கடைசியில் பிஎம்டபிள்யூவும் மூட்டை கட்டியது.

சீக்கிரம் மாறியது இரண்டு டீமும்தான், மாறிய பிறகு எதில் பந்தயம் கட்டினார்கள் என்பதில்தான் வித்தியாசம். பிஎம்டபிள்யூ கெர்ஸில், அதாவது பிரேக் சக்தியைச் சேமித்துத் திருப்பித் தரும் அமைப்பில், கட்டியது. லேப்புக்கு 6.6 விநாடி நேரம் 60 கிலோவாட் கூடுதல் சக்தி கொடுக்கும், எடை சுமார் 30 கிலோ. அந்த 30 கிலோ ஏறியதும் பேலஸ்டை (சமநிலைக்காக வைக்கும் கூடுதல் எடை) வேண்டிய இடத்தில் வைக்கும் வசதி போய்விட்டது, உயரமான குபிட்சாவின் எடைக்கு அது இன்னும் இடித்தது. பிரான் கெர்ஸைத் தொடவே இல்லை. விதியிலிருந்த ஒரு ஓட்டையில், காரின் பின்னடியில் காற்றை வெளியேற்றும் பகுதியை இரண்டடுக்காக்கி டவுன்ஃபோர்ஸை (காரைத் தரையோடு அழுத்தும் விசை) கூட்டும் டபுள் டிஃப்யூசரைக் கொண்டுவந்தார்கள், டொயோட்டாவும் வில்லியம்ஸும்கூட அதைக் கண்டுபிடித்திருந்தன.

எதை மாற்ற முடியும், எதை முடியாது

லாஞ்ச் படங்கள் வரும்போது பெரும்பாலும் கலர்தான் புதுசு, கார் ஏதோ ஒரு மாதிரி வடிவம். விங்கின் வளைவை எல்லாம் அதில் ஆராய்வது நேர விரயம். உண்மையான கார் முதல் முறை ஓடிய படம் வந்த பிறகு, அதில் சீசன் நடுவில் மாற்ற முடியாதவை எவை என்று மட்டும் தேடுங்கள். முன் விங், பின் விங், ஃப்ளோரின் (காரின் அடித்தட்டு) ஓரம், சைட்பாட் (பக்கவாட்டுப் பெட்டி) மேல் தோல் இவையெல்லாம் மூன்றாவது ரேஸிலேயே வேறு மாதிரி இருக்கலாம். சேசிஸ், வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களின் இடைவெளி), கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் பொருத்தும் இடங்கள், ரேடியேட்டர் உட்காரும் இடம் இவை மாறினால் பெரிய பணம், பெரிய நாட்கள்.

இதற்கு நல்ல உதாரணம் 2009 ரெட் புல். அதன் வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூயி பின் சஸ்பென்ஷனைப் புல்ராட் (இழுக்கும் தண்டு) முறையில் கீழே தாழ்த்தி வைத்தார், பின்பகுதி அழகாக ஒல்லியாக வந்தது, அந்த வருஷத்தின் மிக அழகான கார் என்று இன்றும் சொல்வேன். டபுள் டிஃப்யூசர் செல்லும் என்று ஏப்ரலில் தீர்ப்பு வந்தபோது எல்லா டீமும் அதை ஒட்டவைக்க ஓடியது, ரெட் புல்லுக்கு மட்டும் டிஃப்யூசர் போக வேண்டிய இடத்தில் சஸ்பென்ஷன் உட்கார்ந்திருந்தது. நல்ல யோசனையே குறுக்கே நின்றது. 2022-ல் ஆஸ்டன் மார்ட்டின் இந்த மாதிரி மாட்டிக்கொள்ளக் கூடாது என்று இரண்டு வகைக் குளிர்விப்பு அமைப்புக்கும் இடம் கொடுக்கும்படி சேசிஸைச் செய்தது. மே மாதம் ஸ்பெயினில் ரெட் புல் சாயலில் புது சைட்பாட்டோடு வந்து எல்லோரிடமும் கிண்டல் வாங்கினார்கள், ஆனால் அப்படித் திரும்ப முடிந்ததே அந்த முன்யோசனையால்தான். அதே வருஷம் மெர்சிடீஸ் சைட்பாட்டே இல்லாத மாதிரி ஒரு காரோடு பஹ்ரைன் வந்தது, அதைவிட்டு வெளியே வர 2023 மொனாக்கோ வரை ஆனது.

ஒரு டீம் தன் காரில் பின்வாங்க வழி வைத்திருக்கிறதா? புது விதி வருஷத்தில் நான் அதிக மார்க் போடுவது இதற்குத்தான். எல்லோரும் பாதி இருட்டில் வரைந்த கார் அது, எப்படியும் யாராவது ஒருவர் சரியான வழியைக் கண்டுபிடிப்பார்கள், மற்றவர்கள் எத்தனை ரேஸில் அங்கே போய்ச் சேர முடியும் என்பதுதான் சீசன்.

2026 விதியில் இழுபறி எங்கே

எடையிலிருந்து ஆரம்பிக்கலாம். குறைந்தபட்ச எடை 800-லிருந்து 768 கிலோவாக இறங்கியது. கார் 10 சென்டிமீட்டர் ஒடுங்கி, வீல்பேஸ் உச்சவரம்பு 3600-லிருந்து 3400 மில்லிமீட்டர் ஆகி, டயரும் மெலிந்தது, ஆனால் மின்சார மோட்டார் மட்டும் 120 கிலோவாட்டிலிருந்து 350-க்கு ஊதிவிட்டது. 10 கிலோ கூடினால் லேப்புக்கு ஏறக்குறைய 0.3 விநாடி போகும் என்பது பொதுக் கணக்கு. 2022-ல் வரம்பு 795 என்றிருந்ததை யாராலும் எட்ட முடியாமல் சீசன் தொடங்கும் முன் 798 ஆக்கினார்கள், அப்போதும் பல டீம்கள் பெயிண்டைச் சுரண்டி வெறும் கார்பனோடு ஓடின. ஆகவே டெஸ்டில் காரில் கறுப்பு எங்கெங்கே தெரிகிறது என்று பாருங்கள். ஸ்டைல் என்று சொல்வார்கள். கிராம் கணக்கு அது. 2022-ல் வரம்பை ஒட்டி வந்த ஆல்ஃபா ரோமியோ பார்சிலோனா டெஸ்டில் பாதி நேரம் கராஜிலேயே கிடந்தது, யாரும் மதிக்கவில்லை, முதல் ரேஸில் போட்டாஸ் ஆறாவது, ஜோ பத்தாவது.

அடுத்தது மின்சாரம், 2026-ன் மையமே இதுதான். பேட்டரியில் ஒரு நேரத்தில் பயன்படுத்தக் கூடியது 4 மெகாஜூல். அதை 350 கிலோவாட்டில் இறைத்தால் பதினோரு விநாடியில் காலி. ஒரு லேப் எண்பது தொண்ணூறு விநாடி. ஆக, ஒரே லேப்பில் பல முறை நிரப்பி, பல முறை செலவழிக்க வேண்டும். பிரேக்கில் நிரப்பலாம், ஸ்ட்ரெய்ட் (நேர்ப்பாதை) முடியும் முன்பே காலைத் தூக்கி நிரப்பலாம், சில இடங்களில் ஆக்சிலரேட்டர் முழுக்க மிதித்திருக்கும்போதே இன்ஜின் சக்தியில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பலாம். இதைப் பார்ப்பதும் சுலபம்: ஸ்ட்ரெய்ட்டின் கடைசி 200 மீட்டரில் காதைக் கொடுங்கள். சத்தம் ஏறிக்கொண்டே போய் பிரேக்கில் அறுந்தால் பேட்டரியில் தெம்பு இருக்கிறது. பிரேக் பாயிண்டுக்கு முன்பே சத்தம் தளர்ந்து, திரையில் வேக எண் நின்றோ இறங்கவோ ஆரம்பித்தால் அந்தக் கார் அந்த இடத்தில் நேரத்தை விற்று மின்சாரம் வாங்குகிறது. ஒரே இன்ஜின் போட்ட இரண்டு டீம்களை இந்த இடத்தில் ஒப்பிட்டால் வித்தியாசம் இன்ஜினிலா காரிலா என்று பிரித்துவிடலாம்.

டர்போவில் இன்னொரு இழுபறி. டர்போவைச் சுழல வைத்துக்கொண்டிருந்த எம்ஜியு-எச் போய்விட்டது. சின்ன டர்போ சட்டென்று வேகம் பிடிக்கும், மேலே மூச்சு வாங்கும். பெரிய டர்போ மேலே சக்தி தரும், மெதுவான திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது தாமதிக்கும். டெஸ்டில் ஒவ்வொரு செஷன் முடிவிலும் ஸ்டார்ட் பழகுவார்கள், பலர் அந்த நேரத்தில் டிவியை அணைத்துவிடுகிறார்கள். அணைக்காதீர்கள். யார் எவ்வளவு நேரம் இன்ஜினை உறும விட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

நகரும் விங்குகள் எல்லோருக்கும் உண்டு. திறந்து மூடும் நேரத்தில், குறிப்பாக மூடிய உடனே பிரேக் பிடிக்கும் நொடியில், முன்பக்கம் நிலையாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

டெஸ்ட் நாட்களில் முதல் கண் எங்கே

2014-ல் பன்னிரண்டு நாள் டெஸ்ட் இருந்தது, 2022-ல் ஆறு, 2023-லிருந்து 2025 வரை வெறும் மூன்று. 2026-க்கு மறுபடி பெருக்கினார்கள்: ஜனவரி 26-30 பார்சிலோனாவில் மூடிய கதவுக்குள், ஐந்து நாளில் ஏதாவது மூன்று நாள் ஓடலாம், அப்புறம் பஹ்ரைனில் பிப்ரவரி 11-13, 18-20. பஹ்ரைன் டெஸ்ட் வழக்கமாக இந்திய, இலங்கை நேரப்படி பகல் 12:30 முதல் இரவு 9:30 வரை, நடுவில் சாப்பாட்டு இடைவேளை. முழுநாளும் உட்கார வேண்டியதில்லை. தொடக்கத்தில் ஒரு மணி நேரம் (பஹ்ரைனில் அது காலை), இரவில் கடைசி இரண்டு மணி நேரம் போதும்.

காலை முதல் மணியில் கார்கள் பின்னால் பெரிய கம்பி வலை மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வரும். நூற்றுக்கணக்கான சின்னக் குழாய்கள் காற்றழுத்தத்தை அளக்கின்றன. அதோடு பச்சை, மஞ்சள் நிறத்தில் எண்ணெய் கலந்த பெயிண்ட். விண்ட் டனலில் 60 சதவீத அளவு மாடலை விநாடிக்கு 50 மீட்டருக்கு மேல், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட அனுமதி இல்லை. அங்கே கிடைத்த எண்ணும் இங்கே கிடைக்கும் எண்ணும் பொருந்துகிறதா என்பதுதான் அந்தக் காலை நேரத்தின் ஒரே கேள்வி. முதல் நாள் எல்லோரும் இதைச் செய்வார்கள். கடைசி நாளிலும் ஒரு டீம் வலையோடு சுற்றிக்கொண்டிருந்தால், குறிப்பாக ஃப்ளோரில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தால், எண்கள் பொருந்தவில்லை என்று ஓரளவு நம்பி எழுதிக்கொள்ளலாம்.

அடுத்து எத்தனை லேப் ஓடினார்கள் என்பது. 2014 ஹெரெஸ் டெஸ்ட் இதற்குப் பாடப்புத்தகம். புது வி6 டர்போ ஹைப்ரிட் வந்த வருஷம். நான்கு தடவை தொடர்ந்து சாம்பியனான ரெட் புல் நான்கு நாளில் மொத்தம் 21 லேப், மெர்சிடீஸ் 309. ரெனோ இன்ஜினில் சிக்கல், அதோடு ரெட் புல் பின்பகுதியை இறுக்கமாகக் கட்டியதில் சூடு வெளியே போக வழியில்லை, புகையும் கருகலும்தான் டிவியில் வந்தது. மெர்சிடீஸ் அந்த வருஷம் 19 ரேஸில் 16 ஜெயித்தது. சரி, இன்னொரு பாதியையும் சொல்ல வேண்டும்: மிச்சமிருந்த மூன்றையும் ஜெயித்தது அதே ரெட் புல்தான், சீசன் முடிவில் இரண்டாமிடம். அதனால் லேப் எண்ணிக்கையை அப்படியே மார்க்காகப் போடாமல் ஏன் நின்றார்கள் என்று கேளுங்கள். ஒரு சென்சார், ஒரு ஹைட்ராலிக் கசிவு என்றால் கவலை வேண்டாம். ஒரே பாகம் மூன்று நாள் தொடர்ந்து காலை வாரினாலோ, சூடு என்ற வார்த்தை திரும்பத் திரும்ப வந்தாலோ அது வடிவமைப்பில் எடுத்த முடிவு, மார்ச்சுக்குள் மாறாது.

சூட்டைக் கண்ணாலேயே படிக்கலாம். இன்ஜின் மூடியில், காக்பிட் பக்கவாட்டில் மீன் செவுள் மாதிரி வரிவரியாகத் திறப்புகள் இருக்கும். முதல் நாள் எத்தனை வரி, கடைசி நாள் எத்தனை வரி என்று இரண்டு படம் எடுத்து வைத்து ஒப்பிடுங்கள். கூடிக்கொண்டே போனால் கணக்குத் தப்பியிருக்கிறது, ஒவ்வொரு திறப்புக்கும் காற்றியலில் விலை உண்டு. ஊரும் முக்கியம். 2022-ல் பார்சிலோனாக் குளிரில் முதல் நாள் நோரிஸ்தான் ஃபாஸ்ட், மெக்லாரன் எழுந்துவிட்டது என்றார்கள். பஹ்ரைன் வெயிலில் முன் பிரேக் கொதித்து நீண்ட ஓட்டமே ஓட முடியவில்லை, முதல் ரேஸில் ரிக்கியார்டோ 14, நோரிஸ் 15. பார்சிலோனாவின் கடைசி நாள் முதல் இரண்டு இடம் ஹாமில்டனுக்கும் ரஸ்ஸலுக்கும். அந்த வருஷம் மெர்சிடீஸ் ஜெயித்தது ஒரே ஒரு ரேஸ்.

கார் ஓடும் விதத்தையும் பாருங்கள், டைமிங் திரையைச் சின்னதாக்கிவிட்டு. 2022-ல் ஸ்ட்ரெய்ட்டில் கார்கள் குதிக்க ஆரம்பித்ததை யாரும் விண்ட் டனலில் பிடிக்கவில்லை. வேகம் ஏற ஏற ஃப்ளோர் தரையோடு ஒட்ட உறிஞ்சும், மிகவும் நெருங்கியதும் காற்று அடைபட்டு உறிஞ்சல் அறுந்துவிடும், கார் எழும், காற்று மறுபடி பாயும், மறுபடி உறிஞ்சும். தப்பிக்க வழி காரை உயர்த்துவது, உயர்த்தினால் டவுன்ஃபோர்ஸ் போச்சு. அல்லது ஸ்பிரிங்கை இறுக்குவது, இறுக்கினால் டிராக் ஓரத்துக் கெர்பில் ஏற முடியாது. அந்த டெஸ்டில் ஓட்டுநரின் ஹெல்மெட் எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்தவர்களுக்கு டைமிங் பட்டியலைவிட அதிகம் தெரிந்தது.

நீண்ட ஓட்டத்தின் கணக்கு

இப்போதுதான் கால்குலேட்டர். ஒரு கார் பிட்டுக்கு வராமல் தொடர்ந்து பன்னிரண்டு, பதினைந்து லேப் ஓடினால் அந்த நேரங்களை வரிசையாக எழுதுங்கள். முதல் லேப்பையும், நடுவில் யாரையாவது கடக்கத் தாமதித்த லேப்பையும் அடித்துவிடுங்கள். பஹ்ரைன் ரேஸ் 57 லேப். பழைய கார்கள் ஏறக்குறைய 100 கிலோ எரிபொருளோடு கிளம்பும், லேப்புக்கு 1.75 கிலோ எரியும், அதனால் மட்டும் ஒவ்வொரு லேப்பும் 0.05 விநாடி வேகமாக வேண்டும். 2026-ல் எரிவது குறைவு, இந்த எண்ணையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கார் 1:38.0-ல் ஆரம்பித்துப் பதினைந்தாவது லேப்பில் 1:38.9 என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியும் சரிவு 0.9. ஆனால் இடையில் எரிபொருள் குறைந்ததில் 14 × 0.05 = 0.7 விநாடி கிடைத்திருக்க வேண்டும். ஆக டயர் உண்மையில் தின்றது 1.6 விநாடி, லேப்புக்கு 0.11-க்கு மேல். இன்னொரு கார் 1:38.4-ல் ஆரம்பித்து 1:38.4-லேயே முடித்தால் டயர் தின்றது 0.7 மட்டும். முதல் கார் ஃபாஸ்டாகத் தெரியும், இரண்டாவது கார்தான் ரேஸில் முன்னால் வரும். எவ்வளவு எரிபொருளோடு கிளம்பினார்கள் என்று நமக்குத் தெரியாவிட்டாலும் சரிவின் கோணம் பொய் சொல்லாது, ஏனென்றால் எரியும் வேகம் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரே நாள், ஒரே மணி, ஒரே வகை டயர் என்று இருப்பவற்றை மட்டும் ஒப்பிட வேண்டும். பஹ்ரைனில் மத்தியான வெயிலில் ஓடியதையும் விளக்கு போட்ட பிறகு ஓடியதையும் ஒன்றாகப் போட்டால் எல்லாம் குழப்பம். ரேஸ் தூரம் முழுவதையும் பிட் ஸ்டாப்போடு சேர்த்து ஓடும் டீம் ஒன்றாவது இருக்கும். அதை முதலில் செய்து முடித்தவர்கள் யார் என்று நோட்டில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

கடைசியாக, லேப் டைம்

இவ்வளவும் முடிந்த பிறகு பட்டியலைத் திறக்கலாம். ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் எந்த டயர், என்ன மணி என்று எழுதுங்கள். மென்மையான டயர் வேகம் கூட்டும், அடுத்தடுத்த இரண்டு டயர் வகைக்கு அரை விநாடி வாக்கில் கழியுங்கள். 10 கிலோ எரிபொருளுக்கு 0.3 விநாடி என்றால் 50 கிலோவை ஒளித்து வைப்பவர் ஒன்றரை விநாடியை ஒளித்து வைக்கிறார், இன்ஜினை எந்த அளவில் வைத்திருக்கிறார்கள் என்பது அதற்கு மேல். அதனால் கழித்துக் கூட்டிய பிறகும் அரை விநாடிக்குள் இருக்கும் வித்தியாசத்தைச் சமம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். செக்டார் (டிராக்கின் மூன்று பகுதிகளில் ஒன்று) நேரத்தில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கும்: ஒரு கார் எந்த டயரில், எந்த நாளில் ஓடினாலும் மெதுவான திருப்பங்கள் உள்ள செக்டாரில் தொடர்ந்து பின்தங்கினால் அது எரிபொருள் விஷயம் கிடையாது.

ஸ்பான்சருக்காகக் காலி டேங்கில் ஒரு லேப் போடுவது பழைய வழக்கம். ஆனால் சின்ன டீம் மேலே வந்தாலே அதுதான் என்று தள்ளுவதும் தப்பு. 2022 பஹ்ரைன் டெஸ்டில் மிக் ஷூமாக்கரின் ஹாஸ் இரண்டாமிடம். சரக்கு விமானம் தாமதமானதால் கிடைத்த கூடுதல் நேரத்தில், குளிர்ந்த டிராக்கில் ஓடியது என்று எல்லோரும் சிரித்தார்கள். 2021 முழுவதும் பழைய காரைத் தொடாமல், ஒரு பாயிண்ட்கூட எடுக்காமல் கடைசியில் கிடந்த டீம் அது. முதல் ரேஸில் மாக்னுசன் ஐந்தாவது வந்தார். முதல் வேலையாகப் பழைய சீசனைக் குறித்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

டெஸ்டுக்கே வராதவர்கள்

இங்கே மட்டும் தயங்காமல் தீர்ப்பு எழுதலாம். கார் தாமதமாக வருவது பாகங்கள் தாமதமாக வருவதால், பாகங்கள் தாமதமானால் உதிரிகளும் இருக்காது, கிராஷ் டெஸ்டும் இழுக்கும், முதல் சில ரேஸில் புதுசாக ஒன்றும் வராது. 2014-ல் லோட்டஸ் ஹெரெஸைத் தவிர்த்தது. முந்தைய வருஷம் 315 பாயிண்ட் எடுத்த டீம் 10 பாயிண்டில் முடிந்தது. 2019-ல் வில்லியம்ஸ் முதல் இரண்டரை நாளைத் தவறவிட்டது, அந்த வருஷம் மொத்தமே ஒரு பாயிண்ட்.

நம்ம ஊர்க்காரர்கள் இருவருக்கு இது நேரடியாகவே தெரியும். 2010-ல் எரிபொருள் நிரப்புவது தடையாகி டேங்கெல்லாம் பெருத்த வருஷம், எச்ஆர்டி என்ற சின்ன டீம் ஒரு நாள்கூட டெஸ்ட் செய்யாமல் பஹ்ரைன் வந்தது, சென்னையின் கருண் சந்தோக் அந்தக் காரில் ஓட்டிய முதல் லேப்பே தகுதிச் சுற்றில்தான். அடுத்த வருஷம் கோவையின் நரேன் கார்த்திகேயன் அதே டீமில் மெல்போர்ன் போனார், புதுக் கார் அங்கேதான் முதல் முறை ஓடியது, 107 சதவீத விதியில் (தகுதிச் சுற்றில் ஃபாஸ்டான நேரத்தின் 107 சதவீதத்துக்குள் ஓட வேண்டும்) சிக்கி இரண்டு காரும் ரேஸுக்கே தகுதி பெறவில்லை. 2012-லும் மெல்போர்னில் அதே கதை.

மெல்போர்னில் முதல் ரேஸ் முடிந்ததும் நோட்டை மூடிவிடாதீர்கள். 2022 முதல் ரேஸில் ஃபெராரி முதல் இரண்டு இடம், ரெட் புல்லின் இரண்டு காரும் எரிபொருள் கோளாறில் நின்றன, ஆனால் சீசன் முடிவில் ரெட் புல் 17 வெற்றி. முதல் நான்கு ரேஸில் ஒரு மெதுவான டிராக், ஒரு வேகமான டிராக், ஒரு சூடான நாள் மூன்றும் வந்துவிட்டதா என்று பாருங்கள். வந்த பிறகு டெஸ்டில் எழுதிய குறிப்போடு ஒப்பிட்டு, ஒவ்வொரு டீமின் பெயருக்கு நேராக ஒரே ஒரு வரி எழுதுங்கள்: எதை விட்டுக்கொடுத்தார்கள், அதை மீட்க அவர்கள் சேசிஸில் இடம் இருக்கிறதா இல்லையா.